ஏஎம்சி ரினியூவல் தவறுது, களியக்காவிளை தாண்டினா வரியும் தப்புது

மார்த்தாண்டம்காரன்: சிசிடிவி ஏஎம்சி (வருசப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுக்கிறோம். கொட்டேஷன் சிஆர்எம்ல (கஸ்டமர் விவரம் வெக்கிற சாஃப்ட்வேர்), பில் தனி சாஃப்ட்வேர்ல. ஒப்பந்த முடிவு தேதி கண்ணுல படுறதே இல்ல. எல்லை தாண்டி கேரளாவுல இருக்கிற பாறசாலை கடைகளுக்கும் தமிழ்நாட்டுக்குள்ள போடுற சிஜிஎஸ்டி போட்டே பில் போகுது. எப்படிச் சரிபண்ண?

வடசேரி கணக்கு: வரி முதல்ல. கஸ்டமர் ஜிஎஸ்டி எண்ணோட முதல் 2 இலக்கத்தப் பாத்து வரி விழுற மாதிரி விதி போடுங்க. 33 (தமிழ்நாடு) வந்தா சிஜிஎஸ்டி (மத்திய பங்கு) 9%, எஸ்ஜிஎஸ்டி (மாநில பங்கு) 9%. 32 (கேரளா) வந்தா ஐஜிஎஸ்டி (வேற மாநிலத்துக்குப் போடுற வரி) 18%. ஏற்கெனவே தப்பாக் கட்டினதுக்கு, ஐஜிஎஸ்டியக் கட்டிட்டு பழசை ரீஃபண்ட் கேக்கலாம். அந்த ஐஜிஎஸ்டிக்கு வட்டி கட்ட வேண்டாம்.

தக்கலை சர்வீஸ்: கொட்டேஷன் ஓகே ஆனதும் அதை லாக் பண்ணி, அதுலேர்ந்தே ஒப்பந்தத்த உருவாக்குங்க அண்ணாச்சி. திரும்ப டைப் பண்ணாதீங்க, அங்கதான் தொகை மாறும். 1-4-2025ல ஆரம்பிச்சா முடிவு 31-3-2026. 1-4-2026னு போட்டா ஒரு நாள் ரெண்டு ஒப்பந்தத்துலயும் விழும். முடிவுக்கு 60, 30, 7 நாள் முன்னாடி நினைவூட்டல். 60ல வர்றது சேல்ஸ் ஆளுக்கு, கஸ்டமருக்கு இல்ல.
ரினியூவல்னா பழைய ஒப்பந்தத்துல தேதிய மாத்துறதுன்னு நெனைக்காதீங்க. புதுசு போட்டு பழசோட இணைங்க, இல்லேன்னா போன வருச விலை அழிஞ்சுரும்.

வடசேரி கணக்கு: தள்ளுபடிய பில்லுல தனி லைனா காட்டணும். விலையிலேயே கழிச்சா அடுத்த வருசமும் அதே குறைஞ்ச விலைதான் காப்பியாகும்.

மார்த்தாண்டம்காரன்: மாசப் பில் 31ம் தேதி வெச்சிருக்கோம், பிப்ரவரில வரல.

தக்கலை சர்வீஸ்: ‘மாதக் கடைசி நாள்’னு ஆப்ஷன் இருந்தா அது. இல்லேன்னா 1ம் தேதிக்கு மாத்திருங்க.