மட்டக்களப்பில் சீனி, பிரஷர் பரிசோதனைத் திட்டம்: எந்த மானியத்துக்குப் போடலாம், பட்ஜெட்டில் எதை மாற்றலாம்?

வாவிக்கரை:
வணக்கம். எங்கட சங்கம் மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தில் பதிந்தது. மாநகர எல்லைக்குள் 6 கிராம உத்தியோகத்தர் பிரிவு, வலையிறவுப் பாலத்துக்கு அங்கால வவுணதீவில் 2 பிரிவு. 35 வயதுக்கு மேற்பட்ட 2,400 பேருக்குச் சீனி, பிரஷர், உயரம், நிறை பார்க்கத் திட்டம். மொத்தம் 40 இலட்சம் ரூபாய். தாதியர் இருவர், இணைப்பாளர் ஒருவர், 12 மாதச் சம்பளம் 22 இலட்சம். குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், பிரஷர் மெஷின், தராசு 9. வாகனம் 5. பயிற்சி, துண்டுப்பிரசுரம், சாப்பாடு 4.

தொடர்செலவு (சம்பளம் மாதிரி மாதாமாதம் வருகிற செலவு) கூடுதல் என்று சொல்லி புரொப்போசல் திரும்பி வருகுது. எங்க போடலாம்? எதை மாற்ற வேணும்?

எழுவான்:
தம்பி, பட்ஜெட்டில் 55 வீதம் சம்பளம். அதைப் பார்த்ததுமே, 12 மாதம் முடிய இந்த வேலை நின்றுவிடும் என்று வாசிக்கிறவருக்கு விளங்கிவிடும். டோனரை, அதாவது காசு தருகிறவரை, மாத்த முதல் இதைத் திருத்துங்க.

மானியம் தருகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குணம் இருக்கு. யப்பான் தூதரகத்தின் அடிமட்ட மானியம் வழமையாக 1 கோடி யென் வரை போகும். கட்டடம், உபகரணம், வாகனம் என்று கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குத்தான் அது. சம்பளத்துக்கும் ஸ்ட்ரிப் மாதிரி முடிந்துபோகிற சாமானுக்கும் தராது. உங்கட திட்டத்துக்கு அது பொருந்தாது, அதில் நேரத்தைச் செலவழிக்காதீங்க. அவுஸ்திரேலிய உயர் ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம் சிறு அமைப்புகளுக்குச் சரிவரும். பொதுவாக 60,000 அவுஸ்திரேலிய டொலர் வரை. கனடாவின் உள்ளூர் முன்னெடுப்பு நிதியில் சராசரி மானியம் 25,000 முதல் 30,000 கனேடிய டொலர் அளவில் வரும். பெண்களுக்கு இதால் என்ன மாற்றம் வரும் என்பதை அதில் தெளிவாகக் காட்ட வேணும்.

கனடாவுக்குப் போடுறதென்றால் ஒன்றைக் கவனியுங்க. அவர்களுடைய நிதியாண்டு மார்ச்சில் முடியும், அதனால் வேலையைப் பெப்ரவரி கடைசிக்குள் முடித்தாக வேணும். ஒப்பந்தம் கைக்கு வர ஓகஸ்ட், செப்டம்பர் ஆகிவிட்டால் கள வேலை முழுக்க நவம்பர் முதல் ஜனவரி வரை, வாடைக்காற்று மழைக்குள் விழும். அந்த நாளில் வவுணதீவுப் பக்கம் முகாம் வைத்தால் ஆள் வராது, பாதையும் சரியில்லை, எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகமும் டெங்கு வேலையில் இருக்கும். ஆகவே மழைக்கு முதல் வவுணதீவு இருக்கிற படுவான்கரையை முடித்து, மழை நாளில் நகரப் பிரிவுகளை மண்டபத்துக்குள் வைக்கிற மாதிரி வேலை அட்டவணையைப் போடுங்க. இதை புரொப்போசலிலேயே எழுதினால், இடம் தெரிந்த ஆக்கள் என்று நம்புவார்கள்.

இனிச் சம்பளம். தாதியர் இருவரை எடுக்கத் தேவையில்லை. 35 வயதுக்கு மேற்பட்டோரின் தொற்றா நோய்ப் பரிசோதனை அரசின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களின் வேலைதான், அது 2011 இல் தொடங்கியது. அங்கே குறைவாக வருவது ஆண்கள். உங்கட திட்டத்தை “நாங்க பரிசோதிக்கிறம்” என்று எழுதாதீங்க. “நிலையத்துக்கு வராதவரை நிலையத்தின் ஊழியரோடு சேர்ந்து போய்ப் பார்க்கிறம்” என்று எழுதுங்க. எம்.ஓ.எச் ஊழியர் வரும் நாளைக்குப் பயணச்செலவு மட்டும் போடுங்க. உயரம், நிறை, பதிவு எல்லாம் தாய்மார் ஆதரவுக் குழுவில் உள்ளவர்களைப் பழக்கிச் செய்விக்கலாம். விரலில் குத்துறதை மட்டும் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியரிடம் விடுங்க. இணைப்பாளரைப் பகுதிநேரமாக்கினால் 22 இலட்சம் 7, 8 இலட்சத்துக்குள் இறங்கும்.

மீன்பிடிக்கிற குடும்பங்கள் உள்ள பிரிவில் முகாமைப் பின்னேரம் வையுங்க. காலமை வைத்தால் பெண்கள் மட்டும்தான் வருவார்கள்.

படுவான்:
பதிவையும் பாருங்க. வவுணதீவு மண்முனை மேற்குப் பிரதேச செயலகம், உங்கட பதிவோ மண்முனை வடக்கில். இரண்டு பிரதேச செயலகப் பிரிவில் வேலை செய்ய மாவட்டச் செயலக மட்டப் பதிவு வேணும், 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ். அது இல்லாமல் வெளிநாட்டுக் காசு எடுத்தால் பிறகு கணக்காய்வில் பிடிக்கும். பதிவுக்குக் காலம் எடுக்கும், எனவே இந்த முறை நகரப் பிரிவுகளை மட்டும் வைத்துப் போடுவதே என் யோசனை. எம்.ஓ.எச் பிரிவும் அங்கே வேறு, அவரிடமும் தனிக் கடிதம் வாங்க வேணும்.

வாவிக்கரை:
நன்றி அண்ணன். அப்ப 6 பிரிவோட நிறுத்துறம், 2,400 பேரை அங்கேயே எடுக்கலாம். உபகரணப் பட்டியலை ஒருக்கா பாருங்க: குளுக்கோமீட்டர் 10, ஸ்ட்ரிப் 2,400, பிரஷர் மெஷின் 10. ரோட்டரிக்கும் போடலாமா?

எழுவான்:
ஸ்ட்ரிப் 2,400 போதாது. மறுபடி பார்க்க வேண்டியவர் 10 வீதம், 240. சேர்த்து 2,640. இரத்தம் காணாமல் பிழையாகிறது, கட்டுப்பாட்டுத் திரவத்தோடு மெஷினைச் சோதிக்கிறது எல்லாத்துக்கும் 5 வீதம், 132. மொத்தம் 2,772, அதாவது 50 உள்ள பெட்டி 56. விரலில் குத்துற ஊசி, லான்செட்டும் அதே கணக்கு. மெஷின் 10 தேவையில்லை. ஒரு முகாமுக்கு 40 பேர் என்றால் 60 முகாம், 10 மாதத்தில் மாதம் 6. வேலைக்கு 2, கையிருப்பில் 1 போதும். எல்லாம் ஒரே மாடலாக இருக்கட்டும், ஸ்ட்ரிப் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தாது.

கூடுதலாகப் பிழைக்கிற இடம் ஸ்ட்ரிப்தான். குப்பியைத் திறந்தால் கம்பனியைப் பொறுத்து 3 முதல் 6 மாதம்தான் நிற்கும். அநேகமானவற்றை 30 பாகை செல்சியஸுக்கு மேல் வைக்கக் கூடாது. நம்மட வெயிலில் ஆட்டோவுக்குள் விட்டால் அளவு பிழைக்கும். 56 பெட்டியையும் ஒரே நாளில் இறக்காமல், இரண்டு தவணையில் தருவதாகக் கொட்டேசனிலேயே எழுதுவியுங்க. காலாவதித் திகதியும் அதில் இருக்கட்டும். மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிந்த பொருளா என்று கேட்டு, மூன்று இடத்தில் கொட்டேசன் எடுங்க. வற் வரியை மானியத்தில் சேர்க்கலாமா என்று போட முதலே டோனரிடம் எழுத்தில் கேளுங்க. 18 வீதம் சின்னக் காசில்லை.

பிரஷர் மெஷின் 3 போதும், ஆனால் கையில் சுற்றுற பட்டி, அதாவது கஃப், பெரியதும் கட்டாயம். 22 முதல் 32 சென்ரிமீற்றர் வரையான கைச்சுற்றளவுக்குரிய சாதாரணக் கஃபை மொத்தமான கையில் சுற்றினால் பிரஷர் கூடக் காட்டும், இல்லாத வருத்தத்துக்கு ஆளை அனுப்புவீங்க. குத்தின ஊசி போட மஞ்சள் பாதுகாப்புப் பெட்டியும் வேணும். அதை யார் எரிப்பார் என்று எம்.ஓ.எச் கடிதத்தில் ஒரு வரி எடுங்க.

ரோட்டரி உலக மானியத்துக்குக் குறைந்தபட்சத் திட்டச் செலவு 30,000 அமெரிக்க டொலர். உங்கட 40 இலட்சம் அதில் பாதியும் வராது. அதோடு மனுவை இங்குள்ள கழகமும் வெளிநாட்டுக் கழகமும் சேர்ந்துதான் போட வேணும், நீங்க பங்காளியாக மட்டும் நிற்கலாம். தராசு, கஃப் மாதிரிச் சின்னச் சாமானுக்கு உள்ளூர்க் கழகத்திடம் நேரே கேட்கலாம்.

நற்பிட்டிமுனை:
அம்பாறை மாவட்டத்தில் இதே மாதிரித் திட்டம் போட இதை வாசிக்கிறவர்களுக்கு. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் எல்லாம் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குக் கீழ். மாவட்டப் பெயரைப் பார்த்து அம்பாறைப் பணிமனைக்குக் கடிதம் கொடுத்தால் அது திரும்பி வந்து சேர ஒரு மாதம் போய்விடும்.

வாவிக்கரை:
எம்.ஓ.எச் கடிதத்தில் என்னென்ன இருக்க வேணும்?

எழுவான்:
“ஆதரவு தெரிவிக்கிறோம்” என்ற ஒரு வரிக் கடிதத்தால் பிரயோசனம் இல்லை. பிரிவுகளின் பெயர், வரும் ஊழியர் எத்தனை, மாதம் எத்தனை நாள், கழிவு எங்கே போகும், கண்டுபிடித்தவரை எந்தக் கிளினிக் எந்தக் கிழமை எடுக்கும் என்று இருக்கட்டும். பிரஷர் 140/90 அல்லது மேல் என்றால் 5 நிமிடம் இருக்கவைத்து மறுபடி பார்த்து அனுப்புறது, 180/110 தாண்டினால் அதே நாளில் ஆஸ்பத்திரி, வெறுவயிற்றுச் சீனி 126 mg/dL அல்லது மேல் என்றால் இரத்தத்தை ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்துறது. பின்னேர முகாமுக்கு வருகிறவர் வெறுவயிற்றில் இருக்க மாட்டார், அவர்களுக்கான சீனி எல்லையையும் எம்.ஓ.எச்சிடமே கேளுங்க. இந்த எல்லைகளை அவரே கையெழுத்து வைத்துத் தரட்டும். திட்டத்தின் பலனைக் காட்டுற குறிகாட்டியாக எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதை மட்டும் போடாதீங்க. அனுப்பினவரில் எத்தனை பேர் 30 நாளுக்குள் கிளினிக் போனார்கள் என்பதையும் போடுங்க. சீனி வருத்தம் இருக்கென்று சொல்லிவிட்டு மருந்துக்கு வழி காட்டாமல் விட்டால் அந்தச் சனத்துக்கு நாம செய்தது பயம் காட்டினது மட்டும்தான். அந்த எண்ணை எடுக்க அனுப்புக் கடிதத்தை இரண்டு பிரதியாக அடியுங்க, ஒன்று நோயாளிக்கு, ஒன்று மிட்வைஃபின் கையில்.