பழைய பயாஸ் கணினிகளை ஃபெடோரா கைவிட்டுவிடுமா? உதவி தேவை

கேள்வி: எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஆறு பழைய கணினிகள், பெரும்பாலும் கோர் 2 டியோ. எஸ்எஸ்டி போட்ட பிறகு ஃபெடோரா லினக்ஸ் நன்றாகவே ஓடுகிறது. பிள்ளைகள் தினமும் மாலையில் வந்து உட்காருகிறார்கள். பயாஸ் (கணினியை எழுப்பும் பழைய உள்மென்பொருள்) ஆதரவை ஃபெடோராவில் எடுத்துவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னதிலிருந்து கவலையாக இருக்கிறது. இப்போதே வேறு லினக்ஸுக்கு மாறிவிடலாமா? இன்னொன்று: ஒரு கணினியில் புதிதாக நிறுவியதும் வட்டிலிருந்து பூட் ஆகவே இல்லை.

பதில் 1: அவசரப்பட வேண்டாம். 2022 ஏப்ரலில் ஃபெடோரா 37க்காக அப்படி ஒரு முன்மொழிவு வந்தது உண்மைதான். எதிர்ப்பு பலமாக இருந்ததால் ஏற்கப்படவில்லை.

பூட் ஆகாததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். 37இலிருந்து பயாஸ் கணினியிலும் ஜிபிடி என்ற புதிய முறையில்தான் ஃபெடோரா வட்டைப் பிரிக்கிறது. சில பழைய பயாஸ்கள், எம்பிஆரில் (வட்டின் முதல் பகுதியில்) பூட் கொடி இல்லையென்றால் அந்த வட்டைச் சீந்தவே சீந்தாது. நிறுவாமலே ஓடும் லைவ் யுஎஸ்பியில் ஏறி, வட்டைப் பிரிக்கும் பார்ட்டட் கருவியில் 'பிஎம்பிஆர் பூட்' கொடியை ஆன் செய்து பாருங்கள்.

பதில் 2: பயாஸ் ஆதரவை நிறுத்தச் சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பயாஸ், அதற்குப் பின் வந்த யூஈஎஃப்ஐ என்ற இரண்டு பூட் வழிகளையும் சோதித்துப் பராமரிப்பது சிலரின் உழைப்பு. புதிய கணினிகளில் பழைய முறையே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. 2020க்குள் சிஎஸ்எம்மை (யூஈஎஃப்ஐ கணினியைப் பயாஸ் முறையில் எழுப்ப உதவும் பகுதியை) விலக்கிவிடுவதாக இன்டெல் 2017லேயே சொல்லிவிட்டது.

பதில் 1: அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் நன்றாக ஓடும் கணினியைக் குப்பைக்கு அனுப்பும் முடிவை ஒரு பூட் முறைக்காக எடுக்கக் கூடாது. பழைய கணினி மட்டுமா, கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாக ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் புது மெய்நிகர் கணினி உருவாக்கினாலும் பெரும்பாலும் பயாஸ் முறையில்தானே எழும்புகிறது? பராமரிக்க ஆள் இல்லை என்றால் ஆள் சேர்ப்பதுதான் முதல் வேலை.

அப்புறம், ஆறுமே பயாஸ்தானா என்று பாருங்கள். 'சிஸ்' அடைவுக்குள் 'ஃபர்ம்வேர்', அதற்குள் 'ஈஎஃப்ஐ' இருந்தால் யூஈஎஃப்ஐயில் ஓடுகிறது. இல்லாவிட்டாலும், கணினியில் யூஈஎஃப்ஐ இருந்தும் நிறுவியவர் பழைய முறையில் பூட் செய்திருக்கலாம். அமைப்புத் திரையில் பூட் மோடையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. கொடியை வைத்ததும் பூட் ஆகிவிட்டது! இரண்டு கணினிகளில் யூஈஎஃப்ஐ இருக்கிறது, யாரோ பழைய முறையில் நிறுவியிருக்கிறார்கள். அவற்றில் ஞாயிற்றுக்கிழமை மறுபடி நிறுவுகிறேன். மற்ற நான்கும் பயாஸ்தான். அவற்றில் ஒன்றை ஒதுக்கி, ஃபெடோராவின் பீட்டா (சோதனைப் பதிப்பு) வரும்போதெல்லாம் நிறுவிப் பார்த்து, பிழை கண்டால் தெரிவிக்கிறேன். அந்த வேலை எனக்குச் செய்ய முடியும்.