கியர் லிங்கேஜுக்குத் தமிழில் என்ன சொல்?

மடல் 1: தொழிற்பயிற்சி ஆசிரியை, மதுரை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அவசரமாக ஒரு சொல் வேண்டும். பழைய கார்களைப் பழுதுபார்க்கப் பழகும் மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிவருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆறாவது பாடத்தின் தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.

பாடம் இதுதான். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி மாதிரி வண்டிகளில் கியர் ராடு ஸ்டியரிங் கம்பத்தில் இருக்கும். கையால் அதை அசைத்தால், அந்த அசைவு கம்பத்தோடு கீழே இறங்கி, சில கோல்கள், நெம்புகள், மூட்டுகள் வழியாகக் கியர் பெட்டிக்குப் போகிறது. இந்த முழு ஏற்பாட்டுக்கும் ‘லிங்கேஜ்’ என்று பெயர். மூட்டுகளில் இருக்கும் புஷ் என்ற சிறு குழல் தேய்ந்தால் கியர் சரியாக விழாது, விழுந்த கியர் தானே கழன்றுகொள்ளும். அப்போது கோலின் நீளத்தை மாற்றி அமைக்க வேண்டும்.

‘கியர் இணைப்பைச் சரிசெய்தல்’ என்று முதலில் எழுதினேன். கியர் விழுவதைத்தான் சொல்கிறேன் என்று ஒரு மாணவன் புரிந்துகொண்டான். இன்னொருவன், உடைந்ததை ரிப்பேர் செய்வது என்றான். இரண்டு சொல்லும் தவறிவிட்டன. என்ன எழுதலாம்?

மடல் 2: பட்டறை நடத்துபவர், கோவை

டீச்சர், பட்டறையில் இது ‘லிங்க் ராடு’தான். தேய்ந்து ஆடினால் ‘லிங்க்ல ஆட்டம் இருக்கு’ என்போம். நீளத்தைத் திருத்தி வைப்பது ‘லிங்க் செட் பண்றது’. பையன் நாளைக்கு வேலைக்கு வந்தால் இந்தச் சொல்தான் காதில் விழும். அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் அவனுக்கு இரட்டைச் சுமை.

பாடத்தில் ஒன்றை மறக்காமல் எழுதுங்கள். புஷ்ஷை மாற்றாமல் கோலை மட்டும் திருகுவது வீண். ஒவ்வொரு மூட்டிலும் இருக்கிற கொஞ்சம் கொஞ்ச ஆட்டமெல்லாம் சேர்ந்து கைப்பிடியில் பெரிய ஆட்டமாகத் தெரியும். முதலில் மூட்டுகளைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் ஸ்பேனர்.

மடல் 3: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அன்புடையீர்,

லகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. ‘இலிங்கு’ என்று எழுதினாலோ வேறு பொருள் குறுக்கிடும். ஆகவே அந்த வழி வேண்டாம்.

நம்மிடம் ‘யாப்பு’ இருக்கிறது. யாத்தல் என்றால் கட்டுதல். புறநானூற்று 102ஆம் பாட்டில், உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் ‘கீழ்மரத்து யாத்த சேமஅச்சு’ வருகிறது. மேட்டிலும் பள்ளத்திலும் போகிற உப்பு வண்டிக்கு என்ன நேருமோ என்று, மாற்று அச்சு ஒன்றை அடியில் கட்டிவைத்துக்கொண்டு போகிறார்கள். வண்டிக்கு அடியில் கட்டப்பட்ட ஓர் உறுப்பைப் பற்றி ஔவையார் ‘யாத்த’ என்று சொல்லியிருக்கும்போது நாம் ஏன் வெளியே தேட வேண்டும்?

யாப்பு வேண்டாமென்றால், செய்யுளில் சீரோடு சீரைக் கட்டும் ‘தளை’யைப் பாருங்கள். வெண்பாவில் நின்ற சீரின் ஈற்றசைதான் வருஞ்சீரின் முதலசையை முடிவுசெய்கிறது: மாமுன் நிரை, விளமுன் நேர். ஒன்றின் கடைசி அடுத்ததன் தொடக்கத்தை ஆளுகிறது. ஆசிரியை விவரித்த கோல்களின் வேலையும் இதுவே. ‘கியர்த்தளை’ என்று தலைப்பிடலாம்.

மடல் 4: மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஐயா, தளைக்கு நீங்கள் சொன்ன விளக்கம் மிக அழகு. ஆனால் பள்ளியை விட்டு வந்த பையனுக்குத் தளை என்றால் விலங்குதான். கையையும் காலையும் அசையவிடாமல் கட்டுவது. இங்கே நமக்கு வேண்டியது அசைவைக் கடத்துகிற ஒன்று. யாப்பிலும் இதே சிக்கல்: சேம அச்சு வண்டியடியில் அசையாமல் கட்டிக் கிடப்பது. தேவைப்படும் வரை அதற்கு வேலையே இல்லை.

என் பரிந்துரை: கோல்தொடர். கோல் நம் மக்களுக்குப் பழகிய சொல்: நெம்புகோல், அளவுகோல், எழுதுகோல். கோல்கள் ஒன்றையொன்று பற்றித் தொடர்ந்து போகின்றன. பார்த்தவுடன் புரியும்.

கம்பத்தைப் பெயருக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டில் கியர் தரையில் இருந்தது. அம்பாசிடருக்கே ஐசுசு இன்ஜினும் 5 கியரும் வந்தபோது ராடு தரைக்கு இறங்கிவிட்டது.

மடல் 5: பட்டறை நடத்துபவர், கோவை

கோல்தொடர் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா வண்டியிலும் கோல்கள் தொடராக இருப்பதில்லையே. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்றில் வேலை பார்த்திருக்கிறேன். கியர் பெட்டி பின்னால். முன்னாலிருந்து ஒரே நீளக் கோல் நடுச் சுரங்கத்துக்குள் போய், பின்சீட்டுக்கு அடியில் ஒரு கப்ளிங்கில், அதாவது கியர் பெட்டியோடு மாட்டும் துண்டில், முடியும். இன்றைய முன்சக்கர இழுவைக் கார்களில் பெரும்பாலும் கேபிள்தான். அப்போது எங்கே கோல்?

மடல் 6: பல்கலைக்கழக மாணவர், யாழ்ப்பாணம்

வணக்கம்.

எங்கள் பக்கம் ஒன்றை மற்றொன்றில் மாட்டுவதைக் கொழுவுதல் என்போம். சட்டையைக் கொழுவுவோம், பையைக் கொழுவுவோம். இரண்டு பேர் சண்டை பிடித்தாலும் ‘கொழுவிப்போட்டார்கள்’ என்போம். கோலின் நுனியில் நெம்போடு மாட்டுகிற துண்டுக்குக் ‘கொழுவி’ என்று பெயர் வைக்கலாம். முழுத் தொகுதிக்குக் கோல்தொடர் எனக்குச் சம்மதம்.

நான் எழுத வந்தது தலைப்பின் இரண்டாவது சொல்லைப் பற்றி. எல்லாரும் ‘லிங்கேஜ்’ உடனேயே மல்லுக்கட்டுகிறீர்கள். ஆசிரியைக்கு ‘அட்ஜஸ்ட்’ உம் அல்லவா தடுக்கிறது? எங்கள் பௌதிகப் பாடத்தில் அதற்குச் சொல் இருக்கிறது: செப்பஞ்செய்தல். திருசியமானி (ஸ்பெக்ட்ரோமீட்டர்) என்ற கருவியில் அளவெடுக்க முன்னர் அதன் செப்பஞ்செய்கைகளை முடிக்க வேண்டும். கருவியில் பழுது எதுவும் இல்லை. அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒத்து நிற்கும்படி திருகிவைப்பதுதான் அது. உங்கள் பாடத்தில் நடப்பதும் அதுவே.

1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தவர். அந்த மரபில் படித்தவர்கள் நாங்கள். கியர் கோல் தமிழில் அசையாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

மடல் 7: மொழிபெயர்ப்பாளர், சென்னை

தம்பி, சொல் நல்ல சொல். ஆனால் இங்கே ‘சாலையைச் செப்பனிட்டார்கள்’ என்று தினம் பத்திரிகையில் வருகிறது. அது ரிப்பேர்தான். ஆசிரியை எந்தக் குழப்பத்தைத் தவிர்க்கப் பார்க்கிறாரோ, அதே குழப்பம் பின்வாசல் வழியாக வந்துவிடாதா? ‘அளவமைத்தல்’ போதும் என்று நினைக்கிறேன்.

கோவை அண்ணனுக்கு: பீட்டிலில் கோல் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கைப்பிடி, கோல், புஷ், கப்ளிங் என்று உறுப்புகள் வரிசையாகத் தொடர்கின்றன அல்லவா? கேபிள் வண்டிக்கு வேறு பெயர் வரட்டும். இந்தக் கையேடு பழைய வண்டிகளுக்கானது.

மடல் 8: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

அன்புடையீர்,

யாழ்ப்பாணத்து இளவலின் மடலை இரவு இரண்டு முறை படித்தேன். ஒன்று கேட்கிறேன்: இந்த வேலையை எந்த நிலையில் வைத்துத் தொடங்குவீர்கள்? நியூட்ரலில்தானே, எந்தக் கியரும் விழாத நிலையில்? நியூட்ரல் என்பது நடுநிலை.

குறளில் நடுவுநிலைமை 12ஆம் அதிகாரம். அதில் இரண்டாம் குறள் ‘செப்பம் உடையவன் ஆக்கம்’ என்று தொடங்குகிறது. எட்டாம் குறள் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’. ஒன்பதாம் குறள் ‘சொற்கோட்டம் இல்லது செப்பம்’. ஆக, நடுநிலை, கோல், செப்பம் மூன்றும் ஒரே அதிகாரத்தில் நிற்கின்றன! வள்ளுவர் சொல்லும் கோல் துலாக்கோல் என்பதை அறிவேன். ஆனால் செப்பம் என்றால் கோட்டம் இல்லாமை, வளையாமல் நேராக நிற்றல். பழுதுபார்த்தல் என்ற பொருள் பின்னால் வந்து ஏறியது. மூலப்பொருளை மாணவனுக்கு மீட்டுக் கொடுப்பதில் என்ன தவறு? செப்பஞ்செய்தலுக்கு என் முழு ஆதரவு. யாப்பையும் தளையையும் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ‘கோல்தொடர்’ பிழை. வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லினம் வந்தால் லகரம் றகரமாகும், வருகிற தகரமும் றகரமாகும் என்பது நன்னூல் விதி. கோற்றொடர் என்றே எழுத வேண்டும். கோற்றொடி என்று முன்னோர் எழுதவில்லையா?

மடல் 9: பட்டறை நடத்துபவர், கோவை

ஐயா, மன்னிக்கணும். கோற்றொடர் என்று எழுதினால் அதற்குள் கோல் இருப்பதே பையனுக்குத் தெரியாது. கண்ணில் படுகிற சொல்தான் கையில் நிற்கும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மேலே நிற்கிறவனிடம் கத்திக் கேட்கிற சொல் இது.

நியூட்ரல் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரியான இடம். இந்த வேலையில் முக்கால்வாசி அங்கேதான். கம்பத்துக் கியரில் ராடு முன்னே பின்னே போவது ஒரு வேலை, எந்தக் கியர் வரிசை என்று தேர்ந்தெடுப்பது. மேலே கீழே போவது இன்னொரு வேலை, அந்தக் கியரைப் போடுவது. நெம்பு நடுவில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றால், ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தாண்டும்போது மாட்டிக்கொள்ளும். ரோட்டில் வண்டியை நிறுத்தி, பானட்டைத் தூக்கி, கையால் நெம்பைத் தட்டிவிட்டுக் கிளம்பிய டிரைவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படித் தட்டித் தட்டியே ஓட்டினால் உள்ளே கியர் பல்லும் போகும்.

மடல் 10: தொழிற்பயிற்சி ஆசிரியை, மதுரை

எல்லோருக்கும் நன்றி. நாளை காலை அச்சகம். இதுவரை வந்த மடல்களில் சென்னையும் யாழ்ப்பாணமும் கோல்தொடர் பக்கம், நானும் அந்தப் பக்கம்தான். கோவைப் பட்டறைக்காரர் லிங்க்கே இருக்கட்டும் என்கிறார், ஐயா கோற்றொடர். இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

“கியர் கோல்தொடரைச் செப்பஞ்செய்தல். பட்டறையில் இதை லிங்க் செட் பண்ணுவது என்பார்கள். உடைந்ததைப் பழுதுபார்ப்பது வேறு, இது வேறு. முதலில் தேய்ந்த புஷ்களை மாற்றுங்கள். கியர் பெட்டியின் நெம்புகளையும் கைப்பிடியையும் நடுநிலையில் நிறுத்துங்கள். கொழுவியைத் திருகாமல் பிடித்திருக்கும் செக் நட்டைத் தளர்த்தி, கோலின் நுனியிலுள்ள கொழுவியை நெம்பிலிருந்து கழற்றுங்கள். கொழுவியைத் திருகி நீளத்தை மாற்றுங்கள். எந்த அழுத்தமும் தராமல் அது நெம்பின் துளைக்குள் தானே நுழைய வேண்டும். இழுத்தோ தள்ளியோ நுழைத்தால் அளவு தவறு. பிறகு செக் நட்டை இறுக்குங்கள். இன்ஜினை ஓடவிடாமல் எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள், அப்புறம் ஓடவிட்டுக் கிளட்சை மிதித்துப் பாருங்கள்.”

சில அமெரிக்கத் தரைக் கியர்களில், ஹர்ஸ்ட் நிறுவனம் செய்தவை போல, நடுநிலையைப் பிடித்து நிறுத்தவே துளை வைத்திருப்பார்கள். கால் அங்குல டிரில் பிட்டை அதில் செருகிவிட்டால் நெம்புகள் அசையாது. இதை ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்திருக்கிறேன்.

கொழுவி என்ற சொல்லை இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை. தம்பிக்கு நன்றி.

மடல் 11: மொழிபெயர்ப்பாளர், சென்னை

செப்பஞ்செய்தல் பற்றி எனக்கு இன்னும் தயக்கம்தான். ‘இது வேறு, அது வேறு’ என்று பாடத்திலேயே விளக்க வேண்டியிருக்கிறது, பார்த்தீர்களா? அடுத்த பதிப்பில் அளவமைத்தலையும் ஒருமுறை வகுப்பில் சொல்லிப் பாருங்கள் அக்கா. மற்றபடி பாடம் தெளிவாக இருக்கிறது. போகட்டும்.

மடல் 12: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

பெரும்பான்மை முடிவை ஏற்கிறேன். பற்சக்கரம் என்றும் பல்சக்கரம் என்றும் இரண்டும் வழங்குவதால் கோல்தொடரும் வழங்கட்டும். ஆயினும் கோற்றொடரே இலக்கண வழி என்ற என் மறுப்பு குழு ஆவணத்தில் இருக்க வேண்டும்.

ஆசிரியைக்கு: பாடத்தில் புஷ் என்ற ஆங்கிலச் சொல் அப்படியே நிற்கிறது. அச்சகத்துக்குக் காலை எத்தனை மணிக்குப் போகிறீர்கள்?