செல்லோவில் மெட்டல் வாசிக்கும்போது முரட்டு ஒலி வராதது ஏன்?

கேள்வி:
நான்கு ஆண்டுகளாக மேற்கத்திய செவ்வியல் முறையில் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய தந்திக் கருவி) பயின்று வருகிறேன். ஃபின்லாந்தின் அப்போகாலிப்டிகா என்ற செல்லோ குழுவைக் கேட்ட நாளிலிருந்து, மெட்டல் எனப்படும் முரட்டு ராக் இசையை வாசிக்கும் மெட்டாலிகா குழுவின் பாடல்களையும் வாசித்துப் பார்க்கிறேன். சுரங்கள் சரியாகவே விழுகின்றன. ஆனால் கேட்பதற்கு ஏதோ தாலாட்டைப் போல இருக்கிறது. மின்கருவிகள் இல்லாமல் அந்த முரட்டு ஒலி வராதா? இப்படி வாசித்தால் வில் பிடிப்பு கெட்டுவிடும் என்று என் ஆசிரியர் எச்சரிப்பதில் உண்மை உண்டா?

மறுமொழி 1:
அக்குழுவின் முதல் தொகுப்பை (1996) மீண்டும் கேளுங்கள். ஹெல்சின்கியின் சிபெலியஸ் அகாடமி மாணவர்கள் நால்வர் 1993இல் தொடங்கிய குழு அது. அத்தொகுப்பில் டிரம்ஸும் இல்லை, பாடகரும் இல்லை. நீங்கள் பாடகரின் மெட்டை மட்டும் வாசிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மெட்டலின் உயிர் கீழே ஓடும் ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் குறுஞ்சுரத் தொடரில், இருக்கிறது. ராக் கிட்டார் கலைஞர்கள் ‘பவர் கார்ட்’ என்று சொல்வது பெரும்பாலும் ஒரு சுரமும் அதன் பஞ்சமமும் சேர்ந்ததுதான்; செல்லோவின் தந்திகளோ பஞ்சம இடைவெளியிலேயே சுருதி சேர்க்கப்பட்டவை என்பதால், ஒரே விரலை இரு தந்திகளின் மேல் கிடத்தி அழுத்தினால் அது தானாகக் கிடைத்துவிடும். போதாக்குறைக்கு, வழக்கமான சுருதியில் செல்லோவின் அடித்தந்தி கிட்டாரின் அடித்தந்தியைவிடத் தாழ்ந்தது.

மறுமொழி 2:
மேலே சொன்னது இடது கைக்கு. வலது கைக்கும் பாடம் உண்டு. ‘சாப்’ என்னும் உத்தியில், வில்லைப் பிடிக்கும் முனைக்கு அருகிலுள்ள மயிரைத் தந்தியின் மேல் விழவிட்டு, இழுக்காமல் அங்கேயே நிறுத்த வேண்டும். சுரம் எழாமல் ‘சக்’ என்ற ஓசை மட்டும் எழும். 1960களில் ப்ளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசையின் வயலின் கலைஞர் ரிச்சர்ட் கிரீன் கையாண்ட இந்த உத்தியை டர்ட்டில் ஐலண்ட் குவார்டெட் என்ற நால்வர் குழு சேம்பர் இசைக்குள் (சிறு குழுவாக வாசிக்கும் செவ்வியல் இசைக்குள்) கொண்டுவந்தது. அக்குழுவின் செல்லோ கலைஞராக இருந்த மார்க் சம்மர் இயற்றிய ‘ஜூலி-ஓ’வைக் கேளுங்கள், தந்தியை மீட்டுவது, தட்டுவது, வில்லால் இழுப்பது எல்லாவற்றையும் ஒருவரே செய்கிறார். உங்கள் ஆசிரியர் சொல்வது பாதி உண்மை: ஓசைக்காகக் கையை இறுக்கினால்தான் பிடிப்பு கெடும், வில்லின் எடையை விழவிட்டால் கெடாது. மயிர் சீக்கிரம் தேயும் என்பதால் விலை குறைந்த வில் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
2செல்லோஸ் என்ற செல்லோ இரட்டையரின் 2014ஆம் ஆண்டுக் காணொளி ஒன்று விவால்டியின் சொனாட்டாவில் தொடங்கி ஏசி/டிசி ராக் குழுவின் பாடலுக்குத் தாவுகிறது. பரோக் உடையும் பதறும் பார்வையாளர்களும் எனக்குச் சற்று மிகையாகவே படுகின்றன. ஆயினும் வலது கையை மட்டும் பாருங்கள்: அந்த விரைவான குறுவீச்சுகள் செவ்வியல் பயிற்சியில் பெற்றவைதாம், அழுத்தம் விழும் இடம் மட்டுமே மாறுகிறது.

கேட்டவர்:
மெட்டை விட்டுவிட்டு ரிஃப்பை மட்டும் வாசித்துப் பார்த்தேன், தாலாட்டு போய்விட்டது. ஆனால் ஒரே விரலை இரு தந்திகளில் கிடத்தும்போது மேல் தந்தியின் சுரம் சற்றே இறங்கி ஒலிக்கிறது. விரலை இன்னும் சாய்க்க வேண்டும் போலும்.