யுரேனியத் தாதுவுக்கு எந்தச் சொல்: வேதிக்கழுவுதலா, கரைபிரிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம். கலவையிலிருந்து ஒரு பொருளை மட்டும் திரவத்தில் கரையவிட்டுப் பிரிப்பதை ஆங்கிலத்தில் leaching என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்ற நம் விவாதத்தில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> வேதிக்கழுவுதல் என்று பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறதே, புதிய சொல் எதற்கு?

மாணவர்கள் எழுதிப் பழகிய சொல்லை மாற்றத் தயங்குவது நியாயம்தான். ஆனால் அதே பாடத்தில் சற்று முன்னால் ‘ஓடும் நீரில் கழுவுதல்’ வருகிறது. அங்கே நீர் அடித்துக்கொண்டு போவது மண்ணையும் மணலையும். கனமான தாது அடியில் தங்கிவிடும். கழுவுவது என்றாலே நமக்கு அதுதான்: வேண்டாதது நீரோடு போகும், வேண்டியது கையில் நிற்கும். யுரேனிய ஆலையில் நடப்பதோ நேர்மாறு. யுரேனியம் நீரோடு போகிறது, பாறை மிஞ்சுகிறது. முன்னால் ‘வேதி’ சேர்த்தாலும் இந்தத் தலைகீழ்ப் பொருள் சரியாவதில்லை.

> சரி, வெறும் ‘கரைத்தல்’ போதாதா?

ஜார்கண்டின் ஜாதுகுடாவில் நடப்பதைப் பார்த்தால் ஏன் போதாது என்று தெரியும். இந்தியாவின் முதல் யுரேனியச் சுரங்கம் அது. அதை நடத்தும் இந்திய யுரேனியக் கழகம் 1967-இல் நிறுவப்பட்டது. அங்குள்ள தாதுவில் யுரேனியம் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஒரு டன் பாறையை மாவாக அரைத்தாலும் உள்ளே இருப்பது ஒரு கிலோவுக்குக் குறைவு. அந்த மாவைக் கூழாக்கிப் பெரிய தொட்டிகளில் கந்தக அமிலத்தோடு கலக்குகிறார்கள். அமிலம் மட்டும் போதாது. தாதுவில் உள்ள யுரேனினைட் என்ற கனிமத்தில் யுரேனியம் பெரும்பாலும் +4 ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் எளிதில் கரையாது. +6 நிலைக்கு உயர்த்தினால்தான் யுரனைல் அயனியாகிக் கரைசலுக்கு வரும். உயர்த்துவது ஃபெரிக் இரும்பு, அதாவது +3 நிலை இரும்பு. யுரேனியத்திடமிருந்து எலக்ட்ரானை வாங்கி அது ஃபெரஸ் (+2) ஆகிவிடுகிறது. பைரோலுசைட் என்ற மாங்கனீசு டை ஆக்சைடைச் சேர்த்ததும் ஃபெரஸ் மறுபடி ஃபெரிக் ஆகிறது. இப்படி அதே இரும்பு திரும்பத் திரும்ப வேலை செய்கிறது. எனக்கு இந்த வேதியியலில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் பாறையின் பெரும்பகுதி, குவார்ட்சும் மற்றதும், கரையாமல் அப்படியே கிடக்கிறது. உப்பை நீரில் போட்டால் முழுக்கக் கரைகிறது, அது கரைத்தல். இங்கே கலவையிலிருந்து ஒன்றை மட்டும் கரையவிட்டு மற்றவற்றிலிருந்து பிரிக்கிறோம். பிரிப்பது சொல்லில் வர வேண்டும்.

> ‘கரைத்தெடுத்தல்’ நன்றாக இருக்கிறதே.

இதுவரை வந்தவற்றில் நல்ல சொல் இதுதான், மறுக்கவில்லை. ஆனால் ‘எடுத்தல்’ இந்தப் படியில் நடப்பதில்லை. கூழை வடிகட்டி, தெளிந்த கரைசலை, யுரேனியத்தைப் பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்றப் பிசினில் ஏற்றி, பிறகு யுரேனியச் சேர்மமாக வீழ்படியச் செய்து, உலர்த்திய பிறகுதான் ‘எடுத்தோம்’ என்று சொல்ல முடியும். ஹைதராபாத்தில் உள்ள அணு எரிபொருள் வளாகத்துக்குப் போவது அந்த மஞ்சள் பொருள்தான். பல நாட்டு ஆலைகளில் அயனிப் பரிமாற்றத்துக்குப் பதில் கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள். முதல் படிக்குக் கரைத்தெடுத்தல், அடுத்த படிக்குப் பிரித்தெடுத்தல் என்று வைத்தால் படிக்கிற பிள்ளை குழம்பிப் போவாள்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நாம் வேண்டுமென்றே செய்வதற்கும் தானாக நடப்பதற்கும் தமிழில் வேறுவேறு வினை இருக்கிறது. வயலில் நைட்ரேட் மழைநீரோடு வேருக்குக் கீழே போய்விடுவதும், குப்பைமேட்டிலிருந்து உலோகங்கள் நிலத்தடி நீருக்கு வருவதும் யாரும் செய்வதில்லை, நடக்கின்றன. யுரேனிய ஆலைக் கழிவுக்கும் அதே பேச்சு. அரைத்த பாறை கிட்டத்தட்ட முழுவதும் கழிவுக் குட்டைக்குத்தான் போகிறது. தோரியம்-230, ரேடியம்-226 போன்றவை அதோடு போவதால் தாதுவின் கதிரியக்கத்தில் ஏறக்குறைய 85 விழுக்காடு அங்கேயே தங்குகிறது. சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தை முறிப்பதும், கழிவுநீரில் பேரியம் குளோரைடு சேர்த்து ரேடியத்தை வீழ்படியச் செய்வதும் அது நீரோடு பரவாமல் இருக்கத்தான். இதைப் பற்றி எழுதும்போது ‘ரேடியம் கரைத்தெடுக்கப்படுகிறது’ என்று எழுத முடியுமா? பொருளே கெட்டுவிடும். குட்டையை அடுத்து வாழ்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். அவர்கள் கேட்கும் கேள்வி ஆலைக்குள் என்ன செய்கிறார்கள் என்பது மட்டுமல்ல, தங்கள் கிணற்றுக்கு என்ன வருகிறது என்பதும்தான்.

ஆகவே என் முன்மொழிவு: செய்வது கரைபிரிப்பு, தானாக நடப்பது கரைபிரிவு.

கரைபொருள், கரைதிறன் என்று வினைத்தொகையாக ஏற்கெனவே புழங்குகிறோம். கரைசல், கரைப்பான் அந்தக் குடும்பம்தான். ஆற்றங்கரை நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லக்கூடும். கரைதிறன் என்றதும் யாருக்கும் ஆறு நினைவுக்கு வந்ததில்லை, இதற்கும் வராது.

வெவ்வேறு இடங்களில் வைத்துப் பார்த்தேன். ஆந்திராவின் கடப்பா மாவட்டத்துத் தும்மலபள்ளியில் யுரேனியம் கார்பனேட் பாறையில் இருக்கிறது. அமிலம் ஊற்றினால் பாறையே பொங்கி அமிலத்தை எல்லாம் குடித்துவிடும். அதனால் சோடியம் கார்பனேட், பைகார்பனேட் கரைசலை ஆக்சிஜனோடு சேர்த்து, மூடிய கலனில் சூட்டிலும் அழுத்தத்திலும் வேலை நடக்கிறது. காரக் கரைபிரிப்பு, அழுத்தக் கரைபிரிப்பு: இரண்டும் இயல்பாக வருகின்றன. தாதுவைக் குவித்து மேலே அமிலம் தெளித்தால் குவியல் கரைபிரிப்பு. இரும்பை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாவை வேலைக்கு விட்டால் நுண்ணுயிர்க் கரைபிரிப்பு.

கஜகஸ்தான் முறைக்குத்தான் சற்று யோசிக்க வேண்டியிருந்தது. அங்கே தாதுவைத் தோண்டுவதே இல்லை. நீர் ஊடுருவும் மணற்கல்லுக்குள் குழாய்க் கிணறு வழியே கந்தக அமிலக் கரைசலைச் செலுத்தி, பக்கத்துக் கிணறுகள் வழியே யுரேனியத்தோடு மேலே இழுக்கிறார்கள். இன்று உலகில் எடுக்கும் யுரேனியத்தில் பாதிக்கு மேல் இந்த முறையில்தான் வருகிறது. ‘நிலத்தடிக் கரைபிரிப்பு’ என்று ஒரு நண்பர் சொன்னார். ஜாதுகுடாவும் நிலத்தடிச் சுரங்கம்தானே என்று யோசித்தால் அது பொருந்தவில்லை. பாறைப் படுகை கிடக்கும் இடத்திலேயே நடப்பதால் ‘படுகைக் கரைபிரிப்பு’ என்கிறேன்.

செக் நாட்டின் ஸ்ட்ராஷ் போட் ரால்ஸ்கெமில் இதே முறையில் 40 லட்சம் டன்னுக்கும் மேல் கந்தக அமிலம் நிலத்துக்குள் இறக்கப்பட்டது. 1996-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். உள்ளே தங்கிய அமிலத்தால் நிலத்தடி நீர் கெட்டு, அதன் பிறகு பல ஆண்டுகள் அதை இறைத்துச் சுத்திகரிக்க வேண்டி வந்தது. கரைபிரிப்பை நிறுத்தினாலும் கரைபிரிவு நிற்கவில்லை என்று ஒரே வாக்கியத்தில் இதை இப்போது எழுத முடிகிறது.

அப்புறம் துணைச் சொற்கள். கரையச் செய்யும் அமிலம் அல்லது காரக் கரைசலுக்குக் கரைபிரிப்பான். மிஞ்சும் பாறைக்குக் கரைபிரிப்பு எச்சம். யுரேனியம் ஏறிய கரைசலுக்கு ‘நிறைகரைசல்’ என்று வந்த முன்மொழிவை ஏற்க முடியவில்லை. நிறைவுற்ற கரைசல் என்பதற்கு வேறு பொருள் இருக்கிறது. ‘தாதேறு கரைசல்’ எப்படி இருக்கும்? குப்பைமேட்டிலிருந்து ஒழுகுவதற்கு இது ஆகாது. அதற்குக் கசிவுநீரே இருக்கட்டும். இந்த ஒன்றில் மட்டும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. உலோகவியல் படித்தவர்கள் இதைவிட நல்லது சொன்னால் அதையே எடுத்துக்கொள்வோம்.