உலர்த்தியின் சூட்டில் காந்தம் வலுவிழக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். அம்பத்தூரில் பழைய டிவி, கணினிகளின் பிளாஸ்டிக் உறைகளை அரைத்து ஏபிஎஸ் குருணை தயாரிக்கிறோம். பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் ஹாப்பரில் (பொருள் கொட்டும் வாயில்) உள்ள நியோடிமியம் காந்தச் சட்டம் இரும்பைப் பிடிக்காமல் விட்டுவிடுகிறது. வடிகட்டும் வலை அடிக்கடி கிழிகிறது. சென்ற வாரம் திருகாணித் துண்டு ஒன்று எக்ஸ்ட்ரூடருக்குள் சுழலும் ஸ்க்ரூவையே கீறிவிட்டது.

சட்டத்தில் இருப்பவை 25 மி.மீ. காந்தத் தண்டுகள், சாதாரண என் 42 தரம். ஜனவரியில் வாங்கியபோது தண்டின் மேல் காந்த வலு 11,000 காஸ், இப்போது 8,000. ஏப்ரலில் சூடான காற்று உலர்த்தியைப் பொருத்திய பிறகுதான் இந்தச் சரிவு. பொருள் 90 டிகிரியில் இறங்குகிறது. இந்தத் தரம் தாங்குவதோ 80 வரைதான். முன்பெல்லாம் இரும்புத்தூள் முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து நிற்கும். இப்போது விரலால் தட்டினாலே உதிர்கிறது.

தண்டுகளைத் துடைத்தோம், பொருள் இறங்கும் வேகத்தைக் குறைத்தோம், ஆறவிட்டும் அளந்தோம். போன வலு திரும்பவில்லை. விற்றவர் அதே தரத்தில் புதிதாக வாங்கச் சொல்கிறார். அது வீண் செலவு என்றே நினைக்கிறேன். வெப்பத்தைக் குறைத்தால் ஈரம் தங்கிக் குருணையில் குமிழி விழுகிறது.

150 டிகிரி தாங்கும் எஸ்எச் தரத் தண்டுகளை இதே இடத்தில் போடுவதா, சட்டத்தையே உலர்த்திக்கு முன்னால் மாற்றுவதா, உங்கள் ஆலையில் எது நிலைத்தது?