முற்றம் திறந்திருந்ததா, மூடியிருந்ததா?

இரண்டாங்கட்டு (பள்ளத்தூர்)

நேற்று 'முகப்புத்திண்ணை' அண்ணன் கானாடுகாத்தானிலிருந்து எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. மேசைமேல் வைக்கிற சின்ன ஏர் பியூரிஃபையர் ஒன்று வாங்கிப் பட்டாலையில் (வீட்டின் பெரிய கூடத்தில்) வைத்தாராம், நெத்திலிக் கருவாடு வறுத்த புகையும் வாடையும் 20 நிமிடத்தில் போய்விட்டதாம், எல்லோரும் ஆளுக்கொன்று வாங்குங்கள் என்று முடித்திருந்தார். கீழே வரிசையாக எங்கே கிடைக்கும், என்ன விலை என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஒருவராவது அந்த 20 நிமிடத்தைக் கேள்வி கேட்க வேண்டாமா?

அவர் போட்ட படத்திலேயே பெட்டியின் மேல் எழுதியிருக்கிறது, சுத்தமான காற்று மணிக்கு 60 கன மீட்டர் என்று. நம் பக்கத்துப் பட்டாலை என்றால் 30 அடி நீளம், 18 அடி அகலம், 14 அடி உயரம் இருக்கும். பெருக்கினால் 7,560 கன அடி, கன மீட்டரில் சுமார் 214. 20 நிமிடத்தில் அந்த இயந்திரம் தள்ளுவது 20 கன மீட்டர். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதிக் காற்றிலிருந்த வாடை எங்கே போனது? முற்றம் வழியாகப் போனது. அண்ணன் ஒரே ஒரு பதில் சொல்லட்டும், போதும். அன்றைக்கு முற்றம் திறந்திருந்ததா, மூடியிருந்ததா?

முகப்புத்திண்ணை (கானாடுகாத்தான்)

தம்பி, என் வீட்டு வாசல்படி மிதிக்காமலே என் பட்டாலையை அளந்துவிட்டீர்கள். என் பட்டாலை 30 அடி இல்லை, 24 அடி. அகலம் 16. முதலில் அதைத் திருத்திக்கொண்டு அப்புறம் கணக்குப் போடுங்கள். நான் மூக்கை நம்பி எழுதினேன். வாடை இருந்தது, இயந்திரத்தைப் போட்டேன், வாடை போனது. வீட்டில் நாலு பேர் சாட்சி. அதில் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? நான் என்ன கடையா வைத்திருக்கிறேன்?

இரண்டாங்கட்டு

சரி, 24 என்றே வைத்துக்கொள்வோம். 24, 16, 14 பெருக்கினால் 5,376 கன அடி, 152 கன மீட்டர். 20 நிமிடத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஆகிறது. உங்கள் அளவைப் போட்டாலும் உங்கள் கதை நிற்கவில்லை. முற்றம் திறந்திருந்ததா என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை.

வடிகட்டி (காரைக்குடி)

இரண்டு பேரும் இரண்டு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் ஏசி, ஆர்ஓ சர்வீஸ் பார்க்கிறவன், இதுவும் கைக்கு வரும், அதனால் சொல்கிறேன். புகை என்பது துகள். எண்ணெய்த் துளி, கரித்தூள், இதெல்லாம் மடிப்பு மடிப்பாக இருக்கிற ஹெப்பா வடிகட்டியில் மாட்டும். நல்ல ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிக்கிறது என்பது அமெரிக்க அளவுகோல். வாடை என்பது வாயு. அது ஹெப்பாவில் நிற்காது, நேராக ஊடுருவி வெளியே வந்துவிடும். அதைப் பிடிக்க வேண்டியது ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளை திறந்த கரி. ஆகவே 'புகையும் வாடையும் போயிற்று' என்று ஒரே வரியில் எழுதக் கூடாது. எது போனது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

முகப்புத்திண்ணை

இரண்டும் போனது.

இரண்டாங்கட்டு

வடிகட்டி தம்பி, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் முற்றம்?

செக்காலை ரோடு (காரைக்குடி)

செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு கார்பனுக்கு இவ்வளவு சண்டையா! வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1953இல் வந்த நிலையம். அங்கே தெரிந்தவர் ஒருவரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

தேவகோட்டைத் தம்பி

1948 என்று படித்திருக்கிறேன். அப்புறம் செக்ரி மின்வேதியியலுக்கானது, கருவாட்டு வாடைக்கு அவர்களை எதற்கு இழுக்கிறீர்கள்? எதை எடுத்தாலும் காரைக்குடிப் பெருமையில் கொண்டுபோய் முடிப்பதே உங்களுக்கு வழக்கம்.

செக்காலை ரோடு

1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அரைகுறையாகப் படித்துவிட்டுத் திருத்த வராதீர்கள். போன வருஷம் இன்வெர்ட்டர் பேட்டரி விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் நுழைந்து குழப்பினீர்கள், கடைசியில் நான் சொன்னதைத்தான் நீங்களே வாங்கினீர்கள்.

தேவகோட்டைத் தம்பி

நான் வாங்கியது வேறு. அந்தப் பேச்சை எடுத்தால் நானும் நிறைய எடுப்பேன்.

கோட்டையூர் ஆச்சி

பட்டாலையில் கருவாட்டு வாடை ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லையே. நம் வீடுகளில் அடுப்படியைக் கடைசிக் கட்டில், அதாவது வீட்டின் பின்பகுதியில், வைத்ததே புகை முன்னால் வரக் கூடாது என்றுதான். முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் கதவுகள் நேர்கோட்டில் இருக்கும், முற்றத்தில் சூடான காற்று மேலே ஏறிப் போகும். மிளகாய் வற்றல் வறுக்கிறபோது பின்கட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டு முன்கதவைச் சாத்தச் சொல்வார்கள் எங்கள் அப்பத்தா. முன்கட்டில் ஒருவர் தும்ம மாட்டார்கள். இப்போது இரண்டாம் கட்டிலேயே மாடுலர் கிச்சன் போட்டுவிட்டு, முற்றத்தையும் மூடிவிட்டு, அப்புறம் இயந்திரம் வாங்கினால் எப்படி? சாயங்காலம் தூபக்காலில் தணல் போட்டுச் சாம்பிராணி காட்டினால் எந்த வாடையும் நிற்காது. எனக்கு 71 வயது, இன்றைக்கும் அதுதான் செய்கிறேன்.

முகப்புத்திண்ணை

ஆச்சி சொன்னதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தம்பி பிடித்துக்கொண்டு தொங்குகிறார். என் முற்றம் மூடிய முற்றம். குரங்குத் தொல்லை தாங்காமல் மேலே கம்பி வலை அடித்து, அதன்மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டு ஏழு வருஷம் ஆகிறது. போதுமா?

இரண்டாங்கட்டு

போதாது. ஷீட் ஓட்டோடு ஒட்டியா இருக்கிறது? மூன்று தெருவில் பார்த்திருக்கிறேன், எல்லோரும் வெப்பம் போவதற்கு ஓட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டுத்தான் போடுகிறார்கள். நான்கு பக்கமும் அரை அடி இடைவெளி இருந்தால் அது மூடிய முற்றம் ஆகாது, பெரிய புகைபோக்கி. வறுத்த சூட்டில் புகை மேலே ஏறும், அந்த இடைவெளியில் வெளியே போகும். அண்ணன் கீழே இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எத்தனை அங்குலம் இடைவெளி?

ஆச்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. சாம்பிராணி வாடையைப் போக்குவதில்லை, மேலே போர்த்துகிறது. அதுவும் புகைதான், அதிலும் நுண்துகள்தான். உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்ன அளவு, ஒரு நாள் சராசரிக்கு ஒரு கன மீட்டரில் 15 மைக்ரோகிராம் பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்). நம் நாட்டு அளவு 60. கதவைச் சாத்திக்கொண்டு தூபக்காலைச் சுற்றினால் அந்த நேரத்துக்கு இரண்டையும் தாண்டிவிடும். தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வேறு வரும், அதற்கு வாடையே கிடையாது. அதை ஹெப்பாவும் பிடிக்காது, சாதாரணக் கார்பனும் பிடிக்காது. பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை உலர்த்துகிறோம் என்று சாத்திய அறையில் தூபக்காலை வைக்காதீர்கள்.

கோட்டையூர் ஆச்சி

ஆறு பிள்ளைகளுக்குச் சாம்பிராணி போட்டு வளர்த்த கை இது. ஒன்றுக்கும் இழுப்பு வரவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு போடுகிறேன் என்று எங்கே எழுதினேன்? எழுதாததை எழுதியதாகச் சொல்லி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

இரண்டாங்கட்டு

ஆச்சி, இழுப்பு என்ற சொல்லை நீங்களே எடுத்தீர்கள், அதனால் சொல்கிறேன். எங்கள் ஆத்தாவுக்கு 78 வயது, பத்து வருஷமாக இழுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் இதேபோல ஒருவர் பேச்சைக் கேட்டு நானும் ஒரு சின்ன இயந்திரம் வாங்கினேன். உள்ளங்கை அகலம், முன்னால் நீல விளக்கு, அயனி விட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொன்னார்கள். ஆத்தா கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். முதல் ராத்திரியே அறையில் இடி இடித்த பிறகு வருமே, அந்த மாதிரி ஒரு நெடி. நல்லது நடக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஆத்தா உட்கார்ந்துகொண்டு மூச்சுக்குத் தவித்ததை என்னால் மறக்க முடியாது. மருத்துவர்தான் அந்த நெடி ஓசோன் என்று சொன்னார். திருகாணியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வடிகட்டியே இல்லை. ஒரு ஊசி, ஒரு சர்க்யூட், ஒரு சின்ன விசிறி, அவ்வளவுதான். கலிபோர்னியாவில் காற்றுச் சுத்திகரிப்பான் 50 பிபிபிக்கு (நூறு கோடியில் 50 பங்குக்கு) மேல் ஓசோன் விடக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். நமக்கு யார் சொல்கிறார்கள்? அதனால்தான் 20 நிமிடம் என்று ஒருவர் போகிற போக்கில் எழுதினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. படிக்கிறவர் வீட்டிலும் ஓர் ஆத்தா இருப்பார்.

தேவகோட்டைத் தம்பி

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணே. ஆனால் உங்களுடையது வடிகட்டி இல்லாத அயனி இயந்திரம், கானாடுகாத்தான் அண்ணனுடையது ஹெப்பா உள்ளது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

இரண்டாங்கட்டு

எந்தத் தராசில் வைத்தாலும் 152 கன மீட்டர் 152தான். முற்றத்து இடைவெளி எத்தனை அங்குலம்?

வடிகட்டி

தராசு என்றதும் ஒன்று நினைவு வந்தது. போன மாதம் ஒரு வீட்டிலிருந்து இப்படிப்பட்ட மேசை இயந்திரம் சர்வீஸுக்கு வந்தது. குறை என்னவென்றால், போட்டவுடனே கருவாட்டு வாடை அடிக்கிறது. அன்றைக்கு அந்த வீட்டில் கருவாடே செய்யவில்லை. வடிகட்டியை எடுத்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய ஹெப்பா மடிப்பு பழைய வேட்டி மாதிரி பழுப்பேறி, விரல் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு. பின்னால் தேன்கூடு மாதிரி ஒரு வலை, அதில் எள் அளவுக்குக் கரிமணிகள். எல்லாவற்றையும் காகிதத்தில் தட்டிக் கொட்டிச் சமையல் தராசில் வைத்தேன். 40 கிராம். இரண்டு கைப்பிடிகூட இல்லை. அந்த 40 கிராம் எத்தனை நாள் கருவாட்டைத் தாங்கும்? நிரம்பிவிட்டால் பிடித்த வாடையையே திரும்ப விட ஆரம்பிக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி இன்னும் சீக்கிரம் கெடும்.

செக்காலை ரோடு

கரிதான் வேலை செய்கிறது என்றால் அடுப்புக் கரியைத் துணியில் முடிந்து தொங்கவிட்டால் போகிறது. காசு மிச்சம்.

வடிகட்டி

போகாது அண்ணே. ஆக்டிவேட்டட் கார்பனுக்கும் தேங்காய்ச் சிரட்டைக் கரியைத்தான் எடுக்கிறார்கள், ஆனால் அதைக் கடும் சூட்டில் நீராவி விட்டு உள்ளே நுண்துளைகளைத் திறக்கிறார்கள். ஒரு கிராமுக்குள்ளேயே ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு வந்துவிடும். அடுப்புக் கரிக்கு அது கிடையாது. அப்புறம், சும்மா தொங்கவிட்டால் அறைக் காற்று முழுதும் அதன் வழியாகப் போகாது, தள்ளுவதற்கு விசிறி வேண்டும்.

செக்காலை ரோடு

எங்கள் வீட்டில் பீரோவுக்குள் வைக்கிறோம், வாடை வருவதில்லை.

தேவகோட்டைத் தம்பி

பீரோவும் பட்டாலையும் ஒன்றா?

செக்காலை ரோடு

உங்களிடம் பேசவில்லை.

முகப்புத்திண்ணை

எல்லோரும் பேசி முடித்தீர்களா? நேற்று ராத்திரி மறுபடி சோதித்தேன். இந்த முறை படுக்கை அறை. 10க்கு 12, உயரம் 10 அடி. கதவு, ஜன்னல் சாத்திவிட்டு ஊதுபத்தி இரண்டு கொளுத்தி அணைத்தேன். இயந்திரத்தை வேகமாக வைத்து ஒரு மணி நேரம் விட்டேன். புகை கண்ணுக்குத் தெரியவில்லை, தொண்டை கரகரப்பும் இல்லை. என் மருமகள் உள்ளே வந்து ஊதுபத்தியே ஏற்றவில்லையா என்று கேட்டாள். முற்றம் இல்லாத அறை. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

இரண்டாங்கட்டு

அந்த அறை 1,200 கன அடி, 34 கன மீட்டர். உங்கள் இயந்திரத்துக்கு ஏற்ற அறையே அதுதான், அங்கேயும் மணிக்கு இரண்டு தடவைகூடக் காற்று மாறாது. ஐந்து தடவை மாற வேண்டும் என்கிறார்கள் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியில், அதற்கு மணிக்கு 170 கன மீட்டர் வேண்டும், உங்களிடம் இருப்பது 60. சரி, ஒரு மணி நேரத்தில் ஊதுபத்திப் புகை குறைந்திருக்கும், நம்புகிறேன். ஆனால் நீங்கள் முதலில் எழுதியது படுக்கை அறை இல்லை, பட்டாலை. ஊதுபத்தி இல்லை, நெத்திலி. ஒரு மணி நேரம் இல்லை, 20 நிமிடம். மூன்றையும் மாற்றிவிட்டு இப்போது என்ன சொல்கிறீர்கள் என்றால் நான் என்ன சொல்வது?

முகப்புத்திண்ணை

ஒரு மனிதர் தன் வீட்டில் நடந்ததைச் சொன்னால் நம்பக் கூடாது என்று ஒரு முடிவோடு வந்திருக்கிறீர்கள். என் அப்பச்சி கட்டிக் காத்த வீடு, அதன் ஓட்டையும் ஷீட்டையும் ஊரார் முன்னால் அளந்துகாட்ட வேண்டிய அவசியம் எனக்கில்லை.

கோட்டையூர் ஆச்சி

வீட்டைப் பற்றிப் பேசக் கூடாது தம்பி, அது சரியில்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாம்பிராணியைப் பற்றிச் சொன்னதற்கும் நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டாங்கட்டு

வீட்டைக் குறை சொல்லவில்லை ஆச்சி. அந்த வீடு காற்றை வெளியேற்றும்படி கட்டிய வீடு, அந்தப் பெருமையைத் தூக்கி 60 கன மீட்டர் பெட்டிக்குக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். சாம்பிராணி விஷயத்தில் நான் எழுதியது எழுதியதுதான்.

தேவகோட்டைத் தம்பி

நடுவில் ஒரு சந்தேகம். நான் காரைக்குடியில் வாடகை பிளாட்டில் இருக்கிறேன், முற்றமும் இல்லை, பின்கட்டும் இல்லை. மீன் வறுத்தால் மாடி முழுதும் வாடை, எதிர் வீட்டார் சைவம், முகம் சுளிக்கிறார்கள். நான் என்ன செய்ய?

வடிகட்டி

அடுப்புக்கு நேர் மேலே, வெளியே தள்ளுகிற சிம்னி. உள்ளேயே சுற்றிவிடுகிற வகை வேண்டாம். அது முடியாவிட்டால் ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப் பக்கம் ஒரு ஜன்னலை விரல் அகலம் திறந்துவையுங்கள், இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், காற்று நகராது. வெளியே விடுகிற குழாய் எதிர் வீட்டுப் பக்கம் பார்க்காமல் இருக்கட்டும். பியூரிஃபையர் அப்புறம், அதுவும் அறை அளவு பார்த்து.

செக்காலை ரோடு

சிம்னி என்றால் எந்த பிராண்ட் என்று நான் சொல்கிறேன். இன்வெர்ட்டருக்குச் சொன்ன மாதிரி கேட்டுக்கொண்டால் சரி.

தேவகோட்டைத் தம்பி

வேண்டாம்.

இரண்டாங்கட்டு

சிம்னிக்குத் தனியாக வேறு இடத்தில் பேசிக்கொள்ளுங்கள். அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை. ஓட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் எத்தனை அங்குலம்?